ஆலைக்கு இடம் உண்டு, ஆளுக்கு?

தடாவிலிருந்து காளஹஸ்திக்குப் போகும் சாலையில், நாகலாபுரம் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது வரதய்யபாளையம். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம் இப்போது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. சென்னை இளைஞர்கள் இதைத் தடா அருவிக்குப் போகும் வழியாக அறிவார்கள். பக்தர்கள் கல்கி ஆசிரமத்தை வைத்து அடையாளம் சொல்வார்கள். வேலை தேடுகிறவர்களுக்கோ, 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டிதான் இந்த வட்டாரத்தின் முகவரி. சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா ஆகிய மூன்று மண்டலங்களில் பரந்து கிடக்கும் அந்தத் தொழில் நகரில் அல்ஸ்டாம் மெட்ரோ ரயில் பெட்டிகளைச் செய்கிறது. இசுசு வண்டிகளும், காட்பரி சாக்லேட்டும், டைக்கின் ஏசி எந்திரங்களும் அங்கிருந்து வருகின்றன. ஸ்ரீசிட்டிக்கு வெளியே, வரதய்யபாளையம் மண்டலத்துச் சின்னபாண்டூரில் அப்போலோ ஆலையின் முதல் டயர் 2020 ஜூனில் உருண்டு வந்தது. 2025 மே மாதம் எல்ஜி நிறுவனம் ஸ்ரீசிட்டியில் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஒவ்வொரு முறையும் எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை என்று அறிவிக்கிறார்கள். அந்த வேலைக்கு வருகிறவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பது மட்டும் எந்த அறிவிப்பிலும் இடம்பெறுவதில்லை. அந்தக் கேள்வியை, சுற்றியிருக்கும் கிராமங்களின் தலையில் கட்டிவிட்டு அரசும் ஆலைகளும் ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. சாலை, மின்சாரம், தண்ணீர் போல வாடகை வீடும் தொழிலுக்கான அடிப்படை வசதி. அதை அப்படிக் கருதித் திட்டமிடாத வரை, ஆலை கொடுக்கும் கூலியின் பலன் தொழிலாளிக்கு முழுசாகப் போய்ச் சேராது. ஊரும் ஊராக இருக்காது, நகரமாகவும் ஆகாது.

இது எப்போதுமே இப்படி இருந்ததில்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் இருபது ஆண்டுகளில், ஆலைக்கு வரைபடம் போட்டவர்கள் குடியிருப்புக்கும் சேர்த்தே போட்டார்கள். பெரம்பூரில் ஐசிஎஃப், நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம், திருச்சியில் பெல், ஆவடியில் டாங்க் தொழிற்சாலை என எதை எடுத்தாலும் அதனுடன் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை, மைதானம் எல்லாம் வந்தன. அந்த முறையிலும் குறைகள் இருந்தன. நிரந்தர ஊழியருக்குக் கிடைத்த வீடு ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. நிலம் கொடுத்த கிராமத்தார் மதிலுக்கு வெளியே நின்றார்கள். ஆனாலும் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆள் தூங்க இடமும் வேண்டும் என்ற கணக்கு திட்டத்தின் உள்ளேயே இருந்தது. தாராளமயத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு கைவிடப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், உற்பத்திக்கான பகுதி, உற்பத்தி சாராத பகுதி என்று நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டாவது பகுதியில் வீடு, பள்ளி, மருத்துவமனை கட்ட அனுமதி உண்டு. கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வேறுபாட்டில்தான் ஒரு தலைமுறைத் தொழிலாளர்களின் குடியிருப்புப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வரதய்யபாளையம் போன்ற ஊர்களின் சிக்கல் அவற்றின் நிர்வாகத் தகுதியிலிருந்தே தொடங்குகிறது. அவை கிராமப் பஞ்சாயத்துகள். கிராமத்தில் எல்லாருக்கும் சொந்த வீடு உண்டு என்ற அனுமானத்தின் மேல்தான் நம் நாட்டின் கிராம நிர்வாகம் நிற்கிறது. அந்த அனுமானம் முற்றிலும் பிழை என்று சொல்லவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 விழுக்காடு வாடகையில் இருந்தன. கிராமப்புறத்திலோ வெறும் 3.4 விழுக்காடு. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமங்கள் மறைந்துபோகின்றன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் ஊரில், வாடகைக்காரர் எண்ணிக்கை எந்தக் கிராமச் சராசரிக்கும் பொருந்தாது. அவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் விட வேண்டும், குப்பை அள்ள வேண்டும், சாக்கடை வெட்ட வேண்டும். பஞ்சாயத்துக்கு வரும் நிதியோ 2011-இல் எடுத்த தலைக்கணக்கை ஒட்டியது. தொழிற்பேட்டைகளுக்குள் உள்ளாட்சி அதிகாரத்தையும் வரி வசூலையும் ஆந்திரத் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்தின் கீழ் இயங்கும் தனி அமைப்பிடம் ஒப்படைக்கும் ஏற்பாடும் அம்மாநிலத்தில் நெடுங்காலமாக உண்டு. உற்பத்தி நடக்கும் இடத்துக்கு ஒரு நிர்வாகம், உற்பத்தி செய்கிறவர் உறங்கும் இடத்துக்கு வேறொரு நிர்வாகம் என்றாகும்போது, பணம் ஒரு பக்கமும் பாரம் மறுபக்கமும் நிற்பதில் வியப்பில்லை. தண்ணீரில் இந்த முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1983 ஒப்பந்தப்படி சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுசெல்லும் கண்டலேறு–பூண்டி கால்வாய் இந்த வட்டாரத்தின் வழியாகவே ஓடுகிறது. மாநகரத்தின் தாகத்துக்கு ஒப்பந்தமும் கால்வாயும் இருக்கின்றன. கால்வாய்க் கரையில் முளைக்கும் வாடகை அறைகளுக்கு வீட்டுக்காரர் போட்ட போர்வெல்தான் கதி.

ஆலையை ஒட்டிய கிராமங்களில் வாடகைச் சந்தை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஆலை திறந்து ஆட்கள் வந்து சேர ஆறு மாதம் போதும். ஒரு வீடு கட்டி முடிக்க ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும். அந்த இடைவெளியில், இருக்கிற அறைகளுக்கு வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையைத் தனியாளாகக் கொடுக்க முடியாதவர்கள் நான்கு பேர், ஆறு பேர் என்று சேர்ந்து எடுக்கிறார்கள். வீட்டுக்காரரும் வீட்டைக் கணக்கில் கொள்வதை விட்டுவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்குகிறார். அப்புறம் குடும்பத்தோடு வருகிறவருக்கு அந்த ஊரில் வீடே கிடைப்பதில்லை. ஒரு குடும்பம் தரக்கூடிய வாடகையைவிட ஆறு இளைஞர்கள் சேர்ந்து தருவது அதிகம். இதன் மேல் அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் கணக்கில் கரண்ட் பில், தண்ணீருக்குத் தனிக் காசு. ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு அடுத்த ஆண்டு வேலை நிச்சயமில்லை. ஆகவே நல்ல வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டத் தயங்குகிறார். மோசமான அறையிலேயே காலம் தள்ளுகிறார். சம்பளம் கூடினால் நிலைமை சீராகும் என்று எதிர்பார்ப்பதும் வீண். அறைகள் கூடாமல் சம்பளம் மட்டும் கூடினால், கூடிய தொகையில் பெரும்பங்கு வாடகையாகத்தான் போகும். ஊரில் பணமும் கையில் நிலமும் உள்ளவர்கள் வாடகை வீடு கட்டுவதைவிட மனை போட்டு விற்பதையே லாபமாகக் கருதுகிறார்கள். சென்னையில் இருப்பவர் முதலீடாக வாங்கிப் போட்ட மனைகள் வேலிக்கல்லோடு காய்ந்து கிடக்க, அதே ஊரில் அறைக்கு ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

சட்டம் இவர்களுக்கு என்ன சொல்கிறது? ஆந்திரத்தின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஐதராபாத்துக்கும் நகராட்சிகளுக்கும் என்று எழுதப்பட்டது. கிராமத்தில் வாடகைக்காரர் இருப்பார் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. 2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் அந்தக் குறையை நீக்கியது. அது நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவானது. குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டக் கூடாது, வீட்டுக்குள் வர வேண்டுமானால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த மாதிரியின் வழியில் தங்கள் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களாக ஒன்றிய அரசு பட்டியலிடும் நான்கில் ஆந்திரமும் தமிழ்நாடும் உண்டு. தாளில் குறை அதிகம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஷிப்டுக்குப் போய்வரும் ஒரு தொழிலாளி, அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் மேல் புகார் கொடுக்க, வேலைநாளில் லீவு போட்டு, மலையடிவார மண்டலத்திலிருந்து வருவாய்க் கோட்டத் தலைமையிடம் வரை பஸ் ஏற வேண்டுமென்றால் அந்த உரிமையால் அவருக்கு என்ன பயன்? வாய்ப்பேச்சில் முடியும் வாடகைக்கு ஆதாரமும் இல்லை. எழுதிக்கொள்கிறவர்களும் 11 மாதத்துக்கே எழுதுகிறார்கள். ஓராண்டைத் தாண்டிய குத்தகையை 1908 பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஒப்பந்தத் தாள் இல்லாதவருக்கு முகவரிச் சான்று இல்லை. முகவரி இல்லாதவர் கேஸ் இணைப்பிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. 1960-இல் எல்லை மாற்றத்தின்போது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போனது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பகுதியில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் தமிழருக்கும் ஒடிசாவிலிருந்து வரும் இளைஞருக்கும் இந்தச் சிரமம் இரட்டிப்பு.

குடியிருப்பைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே செல்போன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த தனியார் விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. எந்திரத்தில் கோளாறில்லை, மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை, சம்பளத் தகராறுகூட அல்ல. விடுதியின் சமையலறையும் நெரிசலும் ஓர் உலக நிறுவனத்தின் உற்பத்தியை ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்திவைத்தன. இலங்கையிலும் இதே கதைதான். அந்நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயமான கட்டுநாயக்கா 1978-இல் தொடங்கியது. அதைச் சுற்றி ‘போர்டிங்’ என்ற பெயரில் ஊரார் கட்டிய வரிசை அறைகளில்தான் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் தலைமுறை கடந்தும் வாழ்கிறார்கள்; வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் போன தமிழ்ப் பெண்களும் அவர்களில் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சந்தையின் போக்கில் விட்டும், அந்த அறைகளின் நெரிசலும் கழிப்பறைப் பற்றாக்குறையும் இன்றுவரை பேசுபொருளாகவே இருக்கின்றன. விட்டுவைத்தால் தானாகச் சரியாகிவிடும் என்பவர்கள் கட்டுநாயக்காவைப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் நிகழ்வுக்குப் பின் தமிழக அரசு விழித்துக்கொண்டது உண்மை. சிப்காட் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 18,720 படுக்கைகள் கொண்ட பெண்கள் விடுதியைக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அதே பாணியில் ஸ்ரீசிட்டியிலும் பெரிய விடுதிகள் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று கேட்கலாம். விடுதிகள் தேவை, முதல்முறையாக ஊரைவிட்டு வேலைக்கு வரும் 19 வயதுப் பெண்ணுக்கும் அவளை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் அவை பெரிய ஆறுதல். ஆனால் விடுதி மட்டுமே தீர்வு என்பதை ஏற்க முடியாது. முதலாவது, பெரிய விடுதி என்பது மணமாகாதவர்களுக்கான ஏற்பாடு. திருமணமானதும் அந்தப் பெண் படுக்கையோடு வேலையையும் விட வேண்டியதாகிறது. ஆலை பழகிய கையை இழக்கிறது, அவள் சம்பளத்தை இழக்கிறாள். இரண்டாவது, வேலை கொடுப்பவரே வீடும் கொடுத்தால் இரண்டும் ஒரே நாளில் பறிபோகும். தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு தர வேண்டும் என்று 1951-இலேயே சட்டம் போட்டோம். மாஞ்சோலையில் தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள், 2024-இல் தோட்ட வேலை முடிவுக்கு வந்ததும் வீட்டையும் காலி செய்யச் சொல்லப்பட்டு நீதிமன்றப் படியேறின. மூன்றாவது, ஆயிரக்கணக்கானவரை ஒரே கூரையின் கீழ் அடைப்பதன் ஆபத்தைக் கொரோனா காட்டியது. சிங்கப்பூரின் விடுதிகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். நம் ஊர்க்காரர்களும் அவர்களில் ஏராளம். ஒழுங்குக்குப் பேர்போன அந்த நாட்டிலேயே, 2020 முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேரைத் தொற்று தொட்டிருந்தது. ஆகவே விடுதியோடு கூட, குடும்பம் நடத்தத்தக்க சிறு வாடகை வீடுகளும் ஆலை முதலாளியின் கையில் சிக்காமல் பரவலாக இருக்க வேண்டும்.

அடுத்த எதிர்வாதம் பொருளாதாரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். வாடகையில் அரசு கைவைத்தால் வீடு கட்டுவதே நின்றுபோகும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகை என்று ஒன்றை நிர்ணயித்துப் பல பத்தாண்டுகள் வழக்காடவைத்தது. வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டிவைப்பது மேல் என்று வீட்டுக்காரர்களை எண்ணவைத்தது. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. அந்தத் தவற்றை வரதய்யபாளையத்தில் திரும்பச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை. வாடகைத் தொகையை இரு தரப்பும் பேசிக்கொள்ளட்டும். அரசு செய்ய வேண்டியது அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், ஒப்பந்தத்தை எழுத்தில் கொண்டுவருவதும், கழிப்பறை, காற்று, தீ விபத்துப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவை வைத்து அதைச் சோதிப்பதும்தான். வீட்டுக்காரர்களில் பலர் நிலத்தை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய மனையில் நான்கு அறை போட்டுப் பிழைக்கிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களை எதிரிகளாக நடத்தினால் காரியம் கெடும். கூட்டாளிகளாக நடத்த வேண்டும். 1980-இல் சீனாவின் ஷென்செனில் சிறப்புப் பொருளாதார மண்டலம் தொடங்கியபோது, வயலை இழந்த கிராமத்தார் தங்கள் வீட்டுமனையில் மாடிமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். அண்டைக் கட்டடங்களின் ஜன்னல்கள் வழியே இருவர் கைகுலுக்கிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். வெளிச்சமும் தீயணைப்பு வண்டி நுழைய வழியும் இல்லை. ஆனாலும் அந்த நகரத்தின் புலம்பெயர்ந்த தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு வீடு கொடுத்தவை அந்தக் கிராமங்கள்தான். இடித்துத் தள்ளிப் பார்த்த ஷென்சென் நிர்வாகம், பிற்காலத்தில் அவற்றைச் செப்பனிட்டுப் பாதுகாப்பாக்கும் வழிக்கும் வந்தது. கிராமத்தார் முதல் மாடி கட்டும்போதே விதியும் கடனும் கொடுத்திருந்தால் அந்தச் சுற்றுவழி தேவைப்பட்டிருக்காது. வரதய்யபாளையம் இன்னும் அந்த முதல் மாடிக் கட்டத்தில் இருப்பது நமக்குள்ள ஒரே சாதகம்.

இங்கே வேலை செய்கிறவர்கள் இங்கேயே குடியேற விரும்பவில்லை, சென்னையிலிருந்தும் சூளூர்ப்பேட்டையிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகவே விரும்புகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களை விருப்பப்பட்டுப் போகிறவர்கள் என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் தகுந்த வீடும், பிள்ளைக்குப் பள்ளியும், ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்கும் மருந்துக் கடையும் இருந்து, அதற்குப் பிறகும் ஒருவர் தினமும் இரண்டு மூன்று மணி நேரத்தைச் சாலையில் செலவழித்தால் அதை விருப்பம் எனலாம். இல்லாததால் போவது கட்டாயம். அந்தக் கட்டாயம் இனி இன்னும் கடுமையாகப் போகிறது. அன்றாட வேலை நேர வரம்பை 10 மணியாக உயர்த்தவும், பெண்கள் இரவு ஷிப்டில் வேலை செய்ய வழிவிடவும் ஆந்திர அமைச்சரவை 2025 ஜூனில் முடிவெடுத்தது. பத்து மணி நேரம் நின்று வேலை செய்தவருக்கு மேலும் மூன்று மணி நேரப் பயணம் என்றால் தூங்க எவ்வளவு மிஞ்சும் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். வேலை நேரத்தை நீட்டும் அரசு, வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

எனக்கு மிகவும் கனமாகப் படும் எதிர்வாதம் மலையைப் பற்றியது. வீடுகளைப் பெருக்கினால் இந்த அடிவாரம் என்ன ஆகும்? உப்பலமடுகு எனப்படும் தடா அருவியும் காடும் சுனைகளும் என்ன ஆகும்? நியாயமான கவலை. இந்த மலைகளில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால், சரிவான குறு ஓடைகள் வழியே சில மணி நேரத்தில் வெள்ளம் அடிவாரத்துக்கு வந்துவிடும். அதைத் தாங்கிப் பிடித்துக் காளங்கி, ஆரணி ஆறுகளின் பக்கம் மெல்ல அனுப்புவதற்காகத்தான் முன்னோர்கள் அடுக்கடுக்காக ஏரிகளை வெட்டினார்கள். 2021 நவம்பரில் திருமலையிலிருந்து இறங்கிய வெள்ளம் திருப்பதித் தெருக்களில் வண்டிகளை அடித்துச் சென்றதைப் பார்த்தோம். மலையடிவார நகரம் ஓடைகளையும் ஏரிகளையும் வீட்டுமனையாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. 2025 நவம்பரில் இதே திருப்பதி மாவட்டத்தின் கே.வி.பி.புரம் மண்டலத்தில் ஏரி ஒன்று உடைந்து கீழே இருந்த ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆனால் இந்த உதாரணங்கள் திட்டமிடுவதற்கு ஆதரவாகவே பேசுகின்றன. வீடு கட்டாதே என்றால் வீடு கட்டுவது நிற்பதில்லை. விலை மலிந்த இடத்துக்கு நகர்கிறது. விலை மலிந்த இடம் என்பது பெரும்பாலும் ஏரி உட்பகுதியும் ஓடைப் புறம்போக்கும்தான். எங்கே கட்டலாம் என்று அரசு காட்டினால் ஒழிய, எங்கே கட்டக் கூடாது என்பதை யாராலும் காப்பாற்ற முடியாது. சாலையோரத்தில், பஸ் வசதியுள்ள இடத்தில் இரண்டு மூன்று மாடிக் குடியிருப்புகளை நெருக்கமாக அனுமதித்தால் குறைந்த நிலத்தில் நிறையப் பேர் வாழலாம். ஏரியும் ஓடையும் காடும் தப்பும். ஒவ்வொரு மனைப்பிரிவாக மலையை நோக்கி ஊர்ந்து போவதுதான் மலைக்கு ஆபத்து.

செய்ய வேண்டியவை எட்டாத காரியங்கள் அல்ல. முதலில், ஆலைக்கு நிலமும் சலுகையும் ஒதுக்கும் ஒவ்வொரு உத்தரவிலும், அங்கே வேலைக்கு வரப்போகும் ஆட்களுக்கு எத்தனை வாடகை வீடுகள், எந்த இடத்தில், யாரால், எந்தத் தேதிக்குள் என்ற பகுதி இருக்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு என்று எழுதுகிறவர்களுக்கு இதையும் எழுதுவது கடினமில்லை. அடுத்து, தொழிற்பேட்டைக்குள் வசூலாகும் வரியில் ஒரு நிலையான பங்கு, தொழிலாளர்கள் குடியிருக்கும் பஞ்சாயத்துகளுக்கு அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் போக வேண்டும். வாடகை ஒப்பந்தப் பதிவைக் கோட்டத் தலைமையிடத்தில் வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2019 அக்டோபர் 2 முதல் ஊருக்கு ஊர் திறக்கப்பட்ட கிராம சச்சிவாலயங்கள் அதைச் செய்யலாம். தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் அச்சிட்ட ஒரு பக்கப் படிவம், பெயரளவுக் கட்டணம், அதுவே முகவரிச் சான்று என்று அறிவித்துவிட்டால் இரு தரப்பும் தேடி வந்து பதிவார்கள். அப்படிப் பதிந்து, குறைந்தபட்ச வசதி அளவைப் பின்பற்றும் சிறு வீட்டுக்காரர்களுக்குக் குறைந்த வட்டிக் கடனும் சொத்து வரிச் சலுகையும் கொடுக்கலாம். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீடுகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டும் ஆலைத் தொழிலாளர்களுக்கான வாடகைக் குடியிருப்பைப் பற்றிப் பேசியது. ஆலைகள் நிறைந்த கிராமங்கள் ‘நகர்ப்புறம்’ என்ற சொல்லுக்கு வெளியே நிற்பதால் அந்தப் பணம் கைநழுவிவிடாமல் மாநில அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். கண்டலேறு–பூண்டி கால்வாயில் ஓடும் நீரில் இந்த ஊர்களின் குடிநீருக்கு உரிய பங்கையும், சென்னையின் பங்கு குறையாத விதத்தில், இரு மாநிலங்களும் பேசி முடிவுசெய்யலாம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒரு வேலைக்கு இப்போது வாய்ப்பு வந்திருக்கிறது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், அதற்கு முன்னோடியாக 2026-இல் வீடுகளைப் பட்டியலிடும் பணியும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே அறையில் ஆறு பேர் ஷிப்ட் மாற்றிப் படுக்கும் வீடுகளையும், பகலில் பூட்டியிருக்கும் வரிசை அறைகளையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள் என்று மாவட்ட நிர்வாகம் கணக்கெடுப்பாளர்களுக்குத் தனியாக அறிவுறுத்த வேண்டும். மொத்த மக்கள் 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை என்ற மூன்று அளவுகளை எட்டும் கிராமத்தைக் கணக்கெடுப்புத் துறை நகரம் என்றே வகைப்படுத்துகிறது. எண்ணப்படாதவருக்கு நிதி இல்லை, திட்டம் இல்லை. வாடகைக்கு இருப்பவர்களும் தங்களை எங்கே எண்ணச் செய்வது என்று குழம்ப வேண்டியதில்லை. இப்போது வாழும் இடத்திலேயே பெயரைச் சொல்லிப் பதிவதுதான் முறை, அவர்களுக்கு நன்மையும் அதில்தான்.

வரதய்யபாளையத்தைப் பற்றிச் சொன்னவை ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் சிறிதளவே மாற்றத்தோடு பொருந்தும். ஆலைகளைத் தங்கள் மாநிலத்துக்கு இழுப்பதில் தமிழ்நாடும் ஆந்திரமும் போட்டி போடுகின்றன. நிலம், மின்கட்டணம், வரிச் சலுகை ஆகியவற்றில் இரண்டும் ஏறத்தாழ சமமாகிவிட்ட பிறகு, ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ளும் மாநிலத்துக்கே அடுத்த ஆலை போகும். தொழிலாளி குடும்பத்தோடு நிம்மதியாகக் குடியிருக்க ஒரு வீட்டை உறுதிசெய்யும் அரசுதான் அந்தப் போட்டியில் வெல்லும். அடுத்த அடிக்கல் நாட்டு விழாவில், வேலைவாய்ப்பு எண்ணிக்கையைப் படிக்கும் அமைச்சர் வாடகை வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் படிக்கட்டும். படிக்காவிட்டால், அதைக் கேட்கும் பொறுப்பு வாக்களிக்கும் நம்முடையது.